ஐந்து கட்டையில் பாடும் ஆண்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தக் கோயில் பஜனைக் குழுவை எடுத்துக்கொண்டாலும் அப்படி ஒரு பையன் இருப்பான். மகரக்கட்டு முடிந்து மீசை அரும்பியிருக்கும், பேச்சுக் குரல் கனத்திருக்கும். ஆனால் பெண்கள் மேல் அடியை எடுக்கும்போது அவனும் அதே ஸ்தாயியில் கூடவே போவான். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். "கள்ளக்குரல் வேண்டாம் தம்பி, வாயைத் திறந்து பாடு" என்று பாட்டு வாத்தியார் அவனை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிடுவார். கர்நாடக இசைக் கணக்கில் வாத்தியார் சொல்வது சரிதான். அதே கள்ளக்குரலை மூலதனமாக வைத்து லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் மேற்கத்திய இசை நாடகமான ஆப்பெராவில் ராஜபார்ட் கட்டிச் சம்பாதிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் நம் பக்கம் வந்து சேராத செய்தி. அவர்களுக்குக் கவுண்டர்டெனர் என்று பெயர். அந்தப் பையனும் அவனைப் பெற்றவர்களும் முடிவெடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் சில குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். கவுண்டர்டெனர் விதையடிக்கப்பட்டவர் அல்ல. அப்படிச் செய்து சிறுவர் குரலைக் காப்பாற்றிய 'கஸ்ட்ராட்டோ' மரபு இத்தாலியில் இருந்தது உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டலின் கதாநாயகர்கள் பலரை முதலில் பாடியவர்கள் அவர்கள்தான். அந்த மரபின் கடைசி ஆளான அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி 1902, 1904 ஆண்டுகளில் பாடிய இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவரோடு அது முடிந்தது. கவுண்டர்டெனர் முழு ஆண். பேசும்போது பெரும்பாலானவர்களுக்குக் 'பாரிட்டோன்' எனப்படும் கனத்த ஆண் குரல்.

இன்னொரு குழப்பம் எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்து வருவது. மைக் இல்லாத மேடையில் உச்ச ஸ்ருதியில் பாடி ஊரைக் கட்டிப்போட்டவர் அவர் (1906–1933). அது முழுக்குரலையே மேலே ஏற்றிப் பாடுவது. பிரெஞ்சு ஆப்பெராவிலும் 'ஓத்-கோந்த்ர்' என்று ஏறக்குறைய அதே வகை உண்டு. கவுண்டர்டெனர் குரலை ஏற்றுவதில்லை, வேறு குரலுக்கு மாறிக்கொள்கிறார். அந்த மாற்றம் தொண்டைக்குள் எப்படி நடக்கிறது என்று புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

சாதாரணக் குரலில் குரல்நாண்கள் தடித்து, முழு அகலமும் ஒன்றோடொன்று மோதி அதிரும். கள்ளக்குரலில் வேறொரு தசை அவற்றை நீளவாக்கில் இழுத்து மெல்லியதாக்கும். அப்போது ஓரங்கள் மட்டுமே அதிரும். ரப்பர் வளையத்தை இழுத்துத் தட்டினால் ஓசை மேலே போவது போல. இழுத்த நாண்கள் முழுசாக மூடிக்கொள்ளாமல் நடுவே சின்ன இடைவெளி விட்டுவிடும், அதன் வழியாகக் காற்று கசியும். பஜனையில் அந்தப் பையனின் குரல் 'ஹூ' என்று ஊதல் கலந்து கேட்பதற்கு இதுதான் காரணம். கவுண்டர்டெனர் பயிற்சி என்பதன் பெரும்பகுதி அந்த இடைவெளியை இறுக்காமல் மூடுவதுதான். உயரம் பலருக்கு இயற்கையாகவே இருக்கும். அதற்குக் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

கட்டைக் கணக்கில் சொன்னால் நமக்கு உடனே பிடிபடும். நம் ஆண் பாடகர்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். ஆப்பெராவில் கவுண்டர்டெனருக்கு எழுதப்படும் சங்கீதத்தில் பெரும்பகுதி, ஐந்து கட்டை ஸ்ருதியில் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி பஞ்சமம் வரைக்குள் அடங்கும். அதிர்வெண்ணில், வினாடிக்கு 196-லிருந்து சுமார் 587 வரை. பெண்கள் சாதாரணமாகப் பாடும் அதே களம். இதற்கும் மேலே ஏறுகிறவர்களை சோப்ரானிஸ்ட் என்பார்கள், அவர்கள் மிகச் சிலர்.

இந்த எல்லைக்குள் ஆபத்தான இடம் உச்சி அல்ல, கீழ்ப் பாதி. அதே ஐந்து கட்டையில் ரிஷபத்திலிருந்து பஞ்சமம் வரையுள்ள நாலு ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஒட்டு இருக்கிறது. கள்ளக்குரல் அங்கே மெலிந்து காணாமல் போகப் பார்க்கும், சாதாரணக் குரலோ "நான் இருக்கிறேன்" என்று முண்டியடித்து வரும். இரண்டும் மோதினால் குரல் 'கடக்' என்று உடையும். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு ஸ்வரம் முன்பின்னாக இருக்கலாம். ஒட்டு இல்லாத ஆண் தொண்டை மட்டும் கிடையாது. உச்சியில் 'ஐயோ என்ன இனிமை' என்று கைதட்டு வாங்கும் பையன்களில் பலர் இந்த நாலு ஸ்வரத்தில் கவிழ்ந்துதான் பாட்டை விடுகிறார்கள்.

ஆகவே பயிற்சி எப்போதும் மேலிருந்து கீழே. இதைத் தலைகீழாகச் செய்யக் கூடாது.

எழுந்து நின்று இரண்டு கையையும் விலாவில் வையுங்கள். நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். விலா உடனே சரிந்துவிடாமல் நிற்க வேண்டும். தொடக்கத்தில் பதினைந்து வினாடி வந்தால் போதும். ஒரு மாதத்தில் முப்பதை எட்டலாம். அடுத்து உதட்டைத் தளர்த்தி, குழந்தைகள் மோட்டார் வண்டி ஓட்டுவது போல 'ப்ர்ர்ர்' என்று மேலிருந்து கீழே வழுக்கி வாருங்கள், ஐந்தாறு முறை. உதடு அதிர்வது நடுவில் நின்றால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம்.

பிறகு சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து, மேல் ஸட்ஜத்தை 'ஊ' என்று மெதுவாகப் பிடியுங்கள். ஸ, நி, த, ப, ம என்று சங்கராபரணத்தில் ஐந்து ஸ்வரம் இறங்குங்கள். மத்யமத்துக்கு வரும்போது நெஞ்சுக்குரல் உள்ளே வரப் பார்க்கும். விடாதீர்கள். சத்தம் நூல் மாதிரி மெலிந்தாலும் பரவாயில்லை, அதே குரலில் முடியுங்கள். அரைக் கட்டை இறக்கி மறுபடி. குரல் முழுதாக மறையும் இடம் வரை இறங்கிக்கொண்டே போகலாம். பத்து நிமிடம் பாடினால் பத்து நிமிடம் ஓய்வு, அப்புறம் இன்னொரு பத்து நிமிடம். முதல் மூன்று மாதத்துக்கு இதுவே போதும். பாட்டே வேண்டாம். பையனுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

மெலிந்த குரல் கீழே ஓரளவு நின்ற பிறகு காற்றுக் கசிவை அடைக்க வேண்டும். அதற்கு 'கூ', 'குகு' என்று ககரத்தை முன்னால் போட்டுப் பாடுவது நல்லது. க சொல்லும்போது காற்று ஒரு கணம் அடைபட்டு, நாண்கள் சுத்தமாகச் சேர்ந்து திறக்கப் பழகும். உயிர் எழுத்துகளில் ஊ முதலில், ஓ அடுத்து, ஆ கடைசியில். நம் அகாரச் சாதகத்துக்கு இது நேர்மாறு. 'ஆ' வாயையும் தொண்டையையும் அகலத் திறப்பதால் பழகாத நாணில் கசிவு அதிகமாகும், அதனால்தான் இந்த வரிசை.

கோளாறு வந்தால் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. குரல்வளை மேட்டில் ஒரு விரலை லேசாக வையுங்கள். மேலே போகப் போக அது தாடைக்குக் கீழே ஏறி ஒட்டிக்கொண்டால் கழுத்துத் தசையால் பாடுகிறீர்கள். கொட்டாவியின் தொடக்கத்தை நினைத்துக்கொண்டு பாடினால் அது இறங்கும். ஸ்ருதி மேலே போனால் மூச்சை அதிகமாகத் தள்ளுகிறீர்கள். கீழே தொங்கினால் பெரும்பாலும் உயிர் எழுத்து பரந்துவிட்டது. குரல் ஆந்தை அலறுவது போல ஒரே தட்டையாக இருந்தால் தொண்டை பின்னால் இறுகியிருக்கிறது. வலி என்பது எந்தக் கட்டத்திலும் சகஜம் அல்ல. கரகரப்பு இரண்டு மூன்று வாரம் விடாவிட்டால் கசாயத்தை நம்பிக்கொண்டிராமல் அரசு மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழாய் கேமரா வைத்துப் பார்த்துவிட வேண்டும். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு அல்ல, அது நாணுக்கு இன்னும் வேலை.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள் தனி. ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்துவிட்டு நேரே படுத்தால், வயிற்று அமிலம் ஏறி நாண்களை நனைக்கும். காலையில் தொண்டையில் சளி மாதிரி ஏதோ நிற்கும், மெல்லிய குரல் அறவே வராது. நெஞ்செரிச்சல் தெரியாமலேயே இது நடப்பதுண்டு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விட்டாலே பாதி சரியாகும். புகைமூட்ட நாள்களில் சாதகம் உதட்டு அதிர்வோடு நிற்கட்டும். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு ஈடுகொடுத்துக் காவடிப் பாட்டுக் கத்திவிட்டு வந்தால், அடுத்த நான்கைந்து நாளுக்குக் கள்ளக்குரல் கிடையாது. இரண்டில் எது என்று அந்தந்த வருடம் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். முருகன் கோபிக்க மாட்டார்.

வயது விஷயத்தில் பெற்றோர் அவசரப்படக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பையனின் மேல்குரல் வேறு, இது வேறு. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்களுக்கு மகரக்கட்டு வந்ததும் வேஷம் போய்விடும். பழைய குரலைக் கட்டிப் பிடிக்க யாராலும் முடிந்ததில்லை. குரல் உடைந்து, படிந்து, பதினேழு பதினெட்டில் நிலைகொண்ட பிறகுதான் கவுண்டர்டெனர் பேச்சே. சிலருக்கு இன்னும் தாமதம். நடத்துனர் சுபின் மேத்தாவின் உறவினரான பெஜுன் மேத்தா சிறுவனாகப் பெயர் வாங்கி, வளர்ந்ததும் பாரிட்டோனாக வருடக்கணக்கில் முயன்று, அதன் பிறகே கவுண்டர்டெனராக மாறினார். பிலிப் ஜருஸ்கி முதலில் வயலின்காரர்.

சர்கம் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாதையில் எதிர்பாராத சில வசதிகள் உண்டு. ஆப்பெராவில் வரும் தனிப்பாட்டுக்கு ஆரியா என்று பெயர். ஹாண்டலின் வேகமான ஆரியாக்களில் ஒரே எழுத்தின் மேல் நீண்ட ஸ்வரக் கொத்துகள் ஓடும். சரளி வரிசையை மூன்று காலத்தில் சாதகம் செய்தவனுக்கு அது புதிதல்ல. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அடிக்கு நாலு ஸ்வரம் பாடி, வாராவாரம் கொஞ்சம் ஏற்றி 100-ஐச் சுத்தமாகத் தொட்டால் அப்படி ஒரு ஆரியாவைக் கையில் எடுக்கலாம். ஆனால் நம் பழக்கத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் கமகத்தால் இழுத்துப் போவோம். அங்கே அது வழுக்கலாகக் கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் ஆர்மோனியக் கட்டையில் விழுவது போலத் தனித்தனியாக விழ வேண்டும். அதற்காக நடுநடுவே 'ஹ' போட்டு வெட்டுவதும் தப்பு.

இத்தாலிய உச்சரிப்பிலும் அப்படித்தான். அந்த மொழியின் இரட்டை மெய், பாட்டு, பத்து, பல்லு என்று நாம் தினமும் சொல்வது. ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் பழகுவது நமக்கு வாயிலேயே இருக்கிறது. சிக்கல் ஒற்றை மெய்யில். இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைத் தகரத்தைத் தமிழ் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும். இத்தாலிய மொழியில் 'அன்பிற்குரிய' என்று பொருள்படும் சொல்லை 'அமாதோ' என்று படித்தால் த குழைந்துவிடும். 'அமாத்தோ' என்றால் இரட்டித்துவிடும். வல்லோசை வேண்டும், இரட்டிப்புக் கூடாது. இந்த ஒன்றைச் சரிசெய்யத் தனியாக ஒரு மாதம் ஒதுக்கலாம்.

ஆப்பெராவின் கட்டுமானமும் நமக்கு அவ்வளவு தூரமில்லை. கதை நகரும் பகுதி ரெசிட்டேட்டிவ். தாளக்கட்டு இல்லாமல், பேச்சின் ஓட்டத்தில், ஹார்ப்சிகார்டு துணையோடு போகும். விருத்தம் பாடத் தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆரியாவில் முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி. திரும்பி வரும்போது அப்படியே பாடினால் மதிப்பில்லை. சொந்தச் சங்கதிகள் போட வேண்டும். அவற்றை முன்கூட்டியே எழுதிப் பழகுவது வழக்கம். முடிவில் வாத்தியங்கள் நிற்க, பாடகர் தனியாகப் பாடும் கடென்சாவைப் பழைய முறைப்படி ஒரே மூச்சுக்குள் அடக்குவது நல்லது. இன்னொன்று: பழைய வாத்தியங்களோடு பாடும் குழுக்கள் 'ஏ' ஸ்வரத்தை வினாடிக்கு 440 அதிர்வுக்குப் பதிலாக 415-ல் வைத்து ஸ்ருதி சேர்ப்பார்கள், ஏறக்குறைய அரைக் கட்டை கீழே. வீட்டில் பியானோவோடு பழகியவனுக்கு ஒட்டு இருக்கும் ஸ்வரம் அங்கே இடம் மாறிவிடும். கைபேசிச் செயலியில் 415 வைத்தும் பழகிக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரும் கேட்பது 'ஓம்ப்ரா மாய் ஃபூ'. ஹாண்டலின் 'செர்சே' ஆப்பெராவின் திறப்புப் பாட்டு. 1738-ல் லண்டனில் அரங்கேறி ஐந்தே ஆட்டத்தில் நின்றுபோன நாடகம் அது. பாரசீக ராஜா ஒரு மரத்தடியில் நின்று, அதன் நிழலுக்கு நன்றி சொல்கிறான், அவ்வளவுதான் பாட்டு. பால்மர நிரைக்குள் வெயிலுக்கு ஒதுங்கிய வழியில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ருதி நாலு கட்டை. குரல் நுழையும் முதல் ஸ்வரமே பஞ்சமம், நீண்ட பஞ்சமம். ஊசி முனையாகத் தொடங்கி, பருத்து, மறுபடி மெலிய வேண்டும். பருக்கும்போது பலர் மூச்சைத் தள்ளுவார்கள், ஸ்ருதி ஏறிவிடும். மெலியும்போது விலா சரியும், குரல் நடுங்கும். எளிது என்று நினைத்து எடுக்கும் இந்தப் பாட்டில்தான் மூச்சின் குட்டு வெளிப்படும். ஆறு மாதம் ஆன பிறகு தொடுங்கள்.

தொழில் என்று பார்த்தால் கணக்கு கறாரானது. இங்கிலாந்தின் பேராலயப் பாடற்குழுக்களில் 'ஆல்ட்டோ' என்ற தாழ்ந்த பெண்குரல் உயரத்து வரியை ஆண்கள் கள்ளக்குரலில் பாடிவந்தது நீண்ட வழக்கம். ஆனால் தனிப் பாடகருக்கு மேடை இல்லை. கேன்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் டெல்லர் (1912–1979) 1946-ல் பிபிசி வானொலியின் 'மூன்றாம் நிகழ்ச்சி' அலைவரிசை தொடங்கிய நாள் ஒலிபரப்பில் பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் இசையைப் பாடியதும் நிலைமை மாறியது. அவர் குரலை மனத்தில் வைத்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1960-ல் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஆப்பெராவில் ஓபெரான் என்ற தேவதை ராஜாவின் பாகத்தை எழுதினார். டெல்லருக்கு நடிப்பு கைகொடுக்கவில்லை. மறு ஆண்டு லண்டன் காவன்ட் கார்டன் அரங்கில் அதே பாகத்தை அமெரிக்கரான ரஸ்ஸல் ஓபர்லின் பாடினார். குரல் மட்டும் போதாது என்பதற்கு அன்றே ஒரு சாட்சி.

கஸ்ட்ராட்டோக்கள் மறைந்த பிறகு ஹாண்டலின் வீரர்களை ஒரு ஸ்தாயி இறக்கிக் கனத்த குரல்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1966-ல் நியூயார்க் சிட்டி ஆப்பெராவில் 'ஜூலியோ சேசரே' நடந்தபோதுகூட சீசர் பாஸ்-பாரிட்டோன்தான். இன்று அந்தப் பாகங்கள் மேல் ஸ்தாயிக்குத் திரும்பிவிட்டன. ஆனால் ஆண் வேடம் கட்டும் மெஸ்ஸோ (நடுத்தர உயரக் குரல்) பெண்களும் அதே பாகங்களுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அவர்களில் பலருக்குக் குரல் கனம் அதிகம். புதிய படைப்புகள் கொஞ்சம் கைகொடுக்கும். பிலிப் கிளாஸின் 'அக்நாத்தன்' (1984), ஜார்ஜ் பெஞ்சமினின் 'ரிட்டன் ஆன் ஸ்கின்' (2012) போன்றவை. மோட்ஸார்ட் பிற்கால நாடகங்கள், வெர்டி, புச்சினி என்று வருடம் முழுக்க ஓட்டும் அரங்குகளில் கவுண்டர்டெனருக்கு வேலையே இல்லை. அதனால் ஜெர்மன் நகர அரங்குகள் மற்ற குரல்களுக்குக் கொடுக்கும் மாதச் சம்பள ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஆக வாழ்க்கை ஓடுவது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம். ஒத்திகை நாலிலிருந்து ஆறு வாரம். பல இடங்களில் பணம் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான். முதல் ஆட்டத்தன்று தொண்டை கட்டினால் அன்றைய வரவு போயிற்று. வாடகையும் பயணமும் பெரும்பாலும் சொந்தச் செலவு. நடுவில் வயிற்றைக் கழுவுவது பேராலயக் குழு வேலை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலத்தில் 'மெசையா' ஆல்ட்டோ பகுதி, பாக்கின் 'மத்தேயு பாஸியோன்', பாடம் சொல்லிக் கொடுப்பது. உச்சியில் இருப்பவர்கள் பெயர் வெளியே தெரியும். 2005-ல் லண்டன் பிராம்ஸ் இசை விழாவின் கடைசி இரவில் பாடிய ஆண்ட்ரியாஸ் ஷோல், 2019-ல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரங்கில் அக்நாத்தனாக நின்ற ஆந்தனி ராத் கொஸ்டான்ஸோ, பிரேக் டான்ஸும் ஆடுகிற யாக்குப் யூசெஃப் ஒர்லின்ஸ்கி. இவர்களைப் பார்த்துத் தொழிலின் சராசரியைக் கணிக்க வேண்டாம்.

குரல் தேர்வுக்கு ஐந்து ஆரியா தயாராக இருக்க வேண்டும். ஹாண்டலில் மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டுக்குப் பின் எழுதியது ஒன்று, ஜெர்மனோ பிரெஞ்சோ ஒன்று. முதல் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். முதல் பாட்டுக்கு உச்சி தொடும் ஆரியாவைப் போடுகிற ஆசை வேண்டாம். கேட்பவர்கள் காத்திருப்பது அந்த ஒட்டுக்குத்தான்.

இங்கிருந்து போகிற வழி இதுதான். பியானோவில் விரல் வைக்கும் அளவுக்காவது பழகி, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கக் கற்க வேண்டும். சர்கம் மட்டும் தெரிந்தால் ஒத்திகையின் முதல் நாளே மாட்டிக்கொள்வோம். மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி தருபவர்களை ஈப்போவில் தேடலாம். பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் தேர்வுகள் இங்கேயே எழுதலாம். ஆறாம் நிலைக்கும் அதற்கு மேலும் போகக் கோட்பாட்டுத் தேர்வில் ஐந்தாம் நிலை வேண்டும், அதை எஸ்பிஎம் ஆண்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு உண்டு. அதற்கப்பால் லண்டன் கல்லூரிகள், பழைய இசைக்கென்றே இருக்கும் பாஸலின் ஸ்கோலா கன்டோரம். வாத்தியக்குழுவை நேரில் கேட்க, சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா எல்ஆர்டியில் கேஎல்சிசி போனால் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் இசை மண்டபம். மைக் இல்லாமல் ஒரு மண்டபம் எப்படி நிரம்புகிறது என்பதைக் காது அங்கே போய்த்தான் கற்க வேண்டும்.

வீட்டில் சாதகம் செய்ய இடம் பார்ப்பது தனிப் பிரச்சினை. குளியலறை எல்லாக் குரலையும் அழகாக்கிவிடும், நம்பாதீர்கள். கார் சத்தத்தை உறிஞ்சிவிடும், அதற்காகக் கத்தத் தொடங்குவீர்கள். தாமான் வீட்டில் பக்கத்துச் சுவருக்குக் காது கேட்கும். பள்ளி விட்ட பிறகு தமிழ்ப்பள்ளி மண்டபம், அல்லது விசேஷம் இல்லாத நாளில் கோயில் கல்யாண மண்டபம் நல்ல இடம். காற்றாடியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள், அதன் இரைச்சல் காற்றுக் கசிவை மறைத்துவிடும். கைபேசியை நாலு கெஜம் தள்ளி நாற்காலியில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றே கேட்டால் பாடும்போது உள்ளே கேட்ட குரல்தான் காதில் நிற்கும்.